சாட்சியைத் தடுக்கும் காவல்

ஓர் இணையதளத்தின் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் சொல்வது ஒரே ஒரு செய்தி: இந்தப் பெயருக்கு உரிய தளம் இதுதான். தொழில்நுட்பம் டி.எல்.எஸ். என்று மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. இந்தச் செய்தியைத் தளமே சொல்லிக்கொண்டால் யாரும் ஏற்பதில்லை. சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று அதற்குச் சாட்சி நிற்க வேண்டும். பாதுகாப்புத் தடைப்பட்டியல் சொல்வது இன்னொரு செய்தி: இன்ன முகவரியிலிருந்து தீங்கு வந்ததுண்டு, அங்கிருந்து யார் வந்தாலும் உள்ளே விடாதே. முதலாவது அடையாளத்துக்கான சாட்சி, இரண்டாவது நடத்தை பற்றிய புகார். இரண்டும் ஒரே சர்வரில் அக்கம்பக்கமாக வேலை செய்கின்றன. சாட்சி சொல்ல வரும் இயந்திரத்தின் முகவரி புகார்ப் பட்டியலில் இருந்துவிட்டால், அது வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறது. சான்றிதழ் கிடைக்காமல் போகிறது. சர்வர் நிர்வாகிக்கு இது ஒரு கோளாறு, அவ்வளவே. மெய்யியலுக்கோ மிகப் பழைய கேள்வி: நம்புவதற்குக் காரணம் வேண்டுமா, ஐயப்படுவதற்குக் காரணம் வேண்டுமா?

மோதல் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதை லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் நடைமுறையில் தெளிவாகப் பார்க்கலாம். 2015 செப்டம்பரில் முதல் சான்றிதழை வழங்கிய இந்த நிறுவனம், 2020 பிப்ரவரிக்குள் 100 கோடி சான்றிதழ்களை வழங்கிவிட்டது. கட்டணம் கிடையாது, ஆவணங்களைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரியும் கிடையாது. எல்லாம் இயந்திரங்களுக்கு இடையிலான கேள்வி பதில்தான். ஆக்மி என்று அழைக்கப்படும் இந்த நெறிமுறை 2019-இல் ஆர்.எஃப்.சி. 8555 என்ற ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. சான்றிதழ் கேட்கும் சர்வருக்கு நிறுவனம் ஒரு சீரற்ற எழுத்துச் சரத்தைக் கொடுக்கிறது. அதை இன்ன பாதையில், இன்ன பெயருள்ள கோப்பில் வைக்கச் சொல்கிறது. பிறகு நிறுவனத்தின் இயந்திரம் முன்பின் தெரியாத பார்வையாளரைப் போல 80ஆம் போர்ட் வழியே வந்து அந்தக் கோப்பைக் கேட்கிறது. கோப்பு இருந்தால், சான்றிதழ் கேட்டவரின் கையில்தான் தளம் இருக்கிறது என்று முடிவாகிறது.

இந்தச் சான்றிதழ்கள் 90 நாள் செல்லுபடியாகும். வழக்கமாக 30 நாள் மீதமிருக்கும்போதே சர்வரில் உள்ள செர்ட்பாட் போன்ற நிரல் புதுப்பிக்க முயல்கிறது. ஃபயர்வாலில் புதிதாக ஒரு தடைப்பட்டியலைச் சேர்த்த சர்வரில் அந்த முயற்சி தோற்கிறது. பதிவேட்டில் விழும் பிழைச் செய்தி, இரண்டாம் நிலைச் சரிபார்ப்பின்போது இணைப்பு நேரம் கடந்துவிட்டது, ஃபயர்வால் சிக்கலாக இருக்கலாம் என்கிறது. தள உரிமையாளர் தன் கைபேசியில் அதே கோப்பைத் திறந்து பார்க்கிறார், பளிச்சென்று திறக்கிறது. நண்பரை விட்டுப் பார்க்கச் சொன்னாலும் திறக்கிறது. குறை எதுவும் கண்ணில் படாததால் விஷயம் அப்படியே கிடக்கிறது. ஒரு மாதம் ஓடியபின், தளத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் முழுத்திரையில் எச்சரிக்கிறது. பாதுகாப்புக்காகச் சேர்த்த பட்டியல் தளத்தைப் பாதுகாப்பற்றதாகக் காட்டிவிட்டது.

உரிமையாளருக்குத் திறந்த கோப்பு சாட்சிக்குத் திறக்காததற்குக் காரணம், சாட்சி ஒருவர் அல்லர், பலர். இணையத்தில் ஒரு முகவரிக்குப் போகும் வழியை நெட்வொர்க்குகள் பி.ஜி.பி. என்ற முறையில் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன. அந்த அறிவிப்பையே பொய்யாகச் செய்து, சான்றளிக்கும் நிறுவனத்தின் கேள்வியை வேறொரு சர்வருக்குத் திருப்பி, பிறருடைய தளத்தின் பெயரில் சான்றிதழ் வாங்கிவிட முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். ஓர் இடத்திலிருந்து பார்ப்பவரை ஏமாற்றுவது எளிது. உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் பார்ப்பவர்களை ஏமாற்றுவது கடினம். ஆகவே 2020 பிப்ரவரி முதல் லெட்ஸ் என்கிரிப்ட் தன் சொந்த மையத்தோடு சேர்த்து, வேறு இடங்களில் உள்ள மேகக் கணினி மையங்களிலிருந்தும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. 2025-இல் இந்தப் பலமுனைச் சரிபார்ப்பு எல்லாச் சான்றளிப்பு நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. ஆனால் வாடகை மேகக் கணினிகள்தாம் தானியங்கித் தாக்குதல்கள் பெருமளவில் புறப்படும் இடங்களும். அதனால் பல தடைப்பட்டியல்கள் அந்த முகவரித் தொகுதிகளை மொத்தமாகவே அடைத்துவைக்கின்றன. சில நிர்வாகிகள் நாடு வாரியாகவே அடைக்கிறார்கள். உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கான கடைக்கு வெளிநாட்டிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்பது அவர்களின் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் சாட்சியும் ஒருவர் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

சாட்சிகளின் முகவரிகளை வெளியிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எவருக்கும் தோன்றும். நிறுவனம் வெளியிட மறுக்கிறது. எந்த நேரமும் அவை மாறலாம் என்கிறது. மறுப்பில் நியாயம் இருக்கிறது. முகவரி தெரிந்துவிட்டால், ஏமாற்ற நினைப்பவன் அந்தச் சில இயந்திரங்களுக்கு மட்டும் ஒரு முகத்தையும் மற்றவர்களுக்கு வேறொரு முகத்தையும் காட்ட முடியும். யார் என்று தெரியாத பார்வையாளருக்குத் தளம் எப்படித் தெரிகிறதோ அதுதான் சாட்சிக்குத் தேவை. இன்னார் என்று அறிவித்துக்கொண்டு வரும் ஆய்வாளர் பார்ப்பது ஒப்பனை செய்த முகம். இந்த இயந்திரங்கள் தம்மை லெட்ஸ் என்கிரிப்ட் சரிபார்ப்புச் சர்வர் என்று ஒரு வரியில் சொல்லிக்கொள்வது உண்மைதான். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதை நம்பி வழிவிடும் ஃபயர்வால், சொல்பவனின் சொல்லை மட்டுமே வைத்துச் சொல்பவனை நம்புகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாட்சியும் வேவு பார்க்க வந்தவனும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்: அறிமுகமில்லாத முகவரி, வழக்கமில்லாத பாதை, ஒரே ஒரு கேள்வி, உடனே மறைவு. அடையாளத்துக்குச் சான்று தர வந்த இயந்திரம் தன் அடையாளத்துக்குச் சான்று காட்ட முடியாத நிலையில் வாசலில் நிற்கிறது.

இந்திய மெய்யியல் மரபு இந்த நிலைமையைச் சிந்திக்கப் போதிய கருவிகளை உருவாக்கி வைத்திருக்கிறது. ஓர் அறிவு சரியானது என்பது அந்த அறிவோடு சேர்ந்தே வருகிறதா, வெளியிலிருந்து வேறொன்று வந்து நிறுவ வேண்டியிருக்கிறதா என்ற வழக்கு அங்கே நூற்றாண்டுகளாக நடந்தது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகம் நான்கு நிலைப்பாடுகளைச் சொல்கிறது. சாங்கியருக்குச் சரியும் பிழையும் இரண்டுமே அறிவில் இயல்பாக உள்ளவை. நியாயருக்கு இரண்டுமே வெளியிலிருந்து நிறுவப்படுபவை. பௌத்தர்கள் பிழை இயல்பு, சரி என்பது வெளியிலிருந்து நிறுவப்படுவது என்கிறார்கள். மீமாம்சகர்கள் நேர் எதிர்: சரி என்பதே இயல்பு, பிழை என்று சொல்லத்தான் காரணம் காட்ட வேண்டும். பௌத்தர் உண்மையில் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் சொன்னார்களா என்பது வேறு வழக்கு. நான்கு கட்டங்களும் நிரம்பிய அந்த அட்டவணைதான் இங்கே பயன்படுகிறது.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலர் மீமாம்ச நிலைப்பாட்டை மிகக் கூர்மையாக முன்வைத்தவர். ஒவ்வோர் அறிவையும் இன்னோர் அறிவு வந்து உறுதி செய்ய வேண்டுமென்றால், அந்த இன்னோர் அறிவை உறுதி செய்ய மூன்றாவது ஒன்று வேண்டும், எங்கும் நிற்காது. ஆகவே அறிவு தோன்றியவுடன் ஏற்கப்பட வேண்டியது. கருவியில் குறை தெரிந்தாலோ, மாறான அறிவு பின்னால் வந்து முந்தையதை அழித்தாலோதான் கைவிட வேண்டும். காரணமில்லாமல் ஐயப்படுவதற்கு அவர் இடம் தரவில்லை. நியாயர் இதை ஏற்கவில்லை. தண்ணீர் என்று கண்டது தண்ணீர்தானா என்பது போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தபின் உறுதியாகிறது. செயல் வெற்றி பெறுவதே சான்று என்று நியாய சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரை தொடங்குகிறது.

தடைப்பட்டியலின் தர்க்கம் மீமாம்சகருடையது. பட்டியலில் இல்லாத எவரும் உள்ளே வரலாம். குறை காட்டப்பட்டவருக்கு மட்டுமே தடை. சான்றிதழின் தர்க்கம் மாதவர் பௌத்தருக்கு அளித்த கட்டத்தில் விழுகிறது: நிறுவப்படும் வரை எந்தத் தளமும் தான் சொல்லிக்கொள்ளும் தளம் அல்ல. ஒரே சர்வர் வருகிறவர்களிடம் ஒரு மெய்யியலைக் கடைப்பிடிக்கிறது, தன்னைப் பற்றி மற்றவர்கள் இன்னொரு மெய்யியலைக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அதில் முரண் எதுவும் இல்லை. வருகிறவரை உள்ளே விடுவதும் பணத்தை நம்பி ஒப்படைப்பதும் வேறு வேறு செயல்கள். ஆபத்தின் அளவுக்கு ஏற்ப அளவுகோல் மாறலாம். சிக்கல் தொடங்குவது, இரண்டில் ஒன்று மற்றொன்றின் கருவியைக் கெடுக்கும்போதுதான்.

வெளிச்சான்று கேட்கும் எந்த முறைக்கும் முடிவின்மை என்ற குற்றச்சாட்டு வரும். நம் தர்க்க நூல்கள் அதை அனவஸ்தை என்கின்றன. தன்னையே தனக்குச் சான்றாகக் கொள்வது ஆத்மாசிரயம். இரண்டு ஒன்றையொன்று தாங்கி நிற்பது அன்யோன்யாசிரயம். இணையச் சான்றிதழ் முறையில் இந்த மூன்றுக்கும் கைமேல் எடுத்துக்காட்டு உண்டு. தளத்தின் சான்றிதழில் ஓர் இடைநிலை நிறுவனம் கையொப்பமிடுகிறது. அதன் சான்றிதழில் மூல நிறுவனம் கையொப்பமிடுகிறது. மூல நிறுவனத்தின் சான்றிதழில் கையொப்பமிடுவது அந்த நிறுவனமேதான். தர்க்கப்படி அந்தக் கடைசிக் கையொப்பத்துக்குப் பெறுமானம் கிடையாது. பிரவுசரோ இயங்குதளமோ கூடவே கொண்டுவந்த பட்டியலில் அந்த மூலச் சான்றிதழ் இருக்கிறது என்பதால் மட்டுமே சங்கிலி அங்கே நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்களைக் கொண்ட அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பயனர் யாரும் இல்லை. கைபேசி வாங்கும்போது நம்பிக்கையும் பெட்டிக்குள்ளேயே வருகிறது. குமாரிலர் சொன்னபடியே, எங்காவது ஓரிடத்தில் காரணம் கேட்காமல் ஏற்றால்தான் மற்ற எதையும் சோதிக்க முடிகிறது.

அன்யோன்யாசிரயத்துக்கு எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. ஒரு சான்றிதழ் இடையில் ரத்து செய்யப்பட்டதா என்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பூட்டில்லாத பழைய எச்.டி.டி.பி. வழியாகவே போகின்றன. அசட்டையால் அல்ல. ரத்துச் செய்தியைச் சொல்லும் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பில் பேச வேண்டுமானால், அந்தச் சர்வரின் சான்றிதழ் ரத்தாகவில்லை என்று முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள அதே சர்வரைக் கேட்க வேண்டும். வட்டத்தை உடைக்க, பூட்டில்லாத வழியில் கையொப்பமிட்ட பதிலை அனுப்புகிறார்கள். புதுச் சான்றிதழுக்கான சரிபார்ப்பு, பூட்டில்லாத 80ஆம் போர்ட்டில் நடப்பதற்கும் இதே போன்ற காரணம்தான். சான்றிதழ் இல்லாத தளத்தைச் சான்றிதழோடு பேசச் சொல்ல முடியாது. ஆனால் பழைய போர்ட் ஆபத்து என்று பொதுவாகக் கேள்விப்பட்டு அதை முழுவதும் அடைத்துவிடும் நிர்வாகிகள் உண்டு. சாட்சி அங்கேயும் நின்றுவிடுகிறது.

இதுவரை சான்றிதழை நம்பிக்கையின் பக்கமும் தடைப்பட்டியலை ஐயத்தின் பக்கமும் வைத்துப் பேசியதில் ஒரு பிசகு இருக்கிறது. தடைப்பட்டியலும் நம்பிக்கைதான். அதைச் சேர்க்கும் நிர்வாகி எந்த முகவரியையும் தானே ஆராய்ந்து தீயது என்று கண்டவர் அல்லர். எங்கோ யாரோ தொகுத்ததை இறக்கிக்கொள்கிறார். அளவை நூல்களின் வகைப்படி அது காட்சியும் அல்ல, கருதலும் அல்ல, உரை. அதிலும் எந்த வகை உரை என்று பார்க்க வேண்டும். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். நம்பத்தகுந்த நூலின் சொல்லாகிய ஆகமம் அதில் ஒன்று. அதிலிருந்து பிரித்துத் தனியாக ஐதிகம் என்ற ஒன்றையும் சொல்கிறான். முதலில் சொன்னவர் யாரென்று தெரியாமல் வாய்வழியாக வந்துகொண்டிருப்பது ஐதிகம். இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வது அங்கே காட்டப்படும் எடுத்துக்காட்டு. பட்டியலிலிருந்து பட்டியலுக்கு நகலெடுக்கப்படும் முகவரிகளின் நிலை பெரும்பாலும் இதுதான். எந்தச் சம்பவத்துக்காக அந்த முகவரி முதலில் சேர்க்கப்பட்டது, யார் சேர்த்தார்கள் என்ற விவரம் உடன் வருவதில்லை. ஐ.பி. முகவரிகள் கைமாறிக்கொண்டே இருப்பவை. இன்று ஒருவர் விட்டுப்போன மேகக் கணினி முகவரி நாளை வேறொருவருக்கு வாடகைக்குப் போகிறது. பேய் போய்விட்டது, மரத்துக்குக் கெட்ட பெயர் மட்டும் நிற்கிறது.

பட்டியலைத் தொகுப்பவரின் சொல்லில் தங்கியிருப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். ஸ்பேம் அஞ்சலுக்கு இடம்கொடுக்கும் சர்வர்களைப் பட்டியலிட்டுவந்த ஓ.ஆர்.டி.பி. என்ற சேவை 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடியதைக் கவனிக்காத அஞ்சல் சர்வர்கள் தொடர்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச் 25 அன்று அந்தச் சேவை, கேட்கப்படும் எந்த முகவரிக்கும் ஆம், பட்டியலில் உண்டு என்று பதில் சொல்லத் தொடங்கியது. அதை நம்பியிருந்த சர்வர்களுக்கு அன்று உலகில் எவரும் நல்லவர் இல்லை. வந்த அஞ்சல் எல்லாம் திருப்பப்பட்டது. அடுத்த ஆண்டு, 2009 ஜனவரி 31 அன்று, கூகுளின் தீங்குத் தளப் பட்டியலில் கைப்பிழையாக ஒரு சாய்கோடு தனி வரியாக நுழைந்துவிட்டது. சாய்கோடு இல்லாத இணைய முகவரியே கிடையாது. ஏறத்தாழ ஒரு மணிநேரம், கூகுள் தேடலில் வந்த ஒவ்வொரு தளத்துக்கும் இது உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம் என்ற எச்சரிக்கை ஒட்டிக்கொண்டது. கூகுளின் சொந்தப் பக்கங்களும் தப்பவில்லை. ஐயம் என்ற பெயரில் இயங்கிய எந்த இயந்திரமும் அந்த ஒரு மணிநேரத்தில் அந்தப் பட்டியலை ஐயப்படவில்லை.

அடையாளமும் நன்மையும் ஒன்றா என்ற கேள்வி இதற்கு அடுத்தது. லெட்ஸ் என்கிரிப்ட் தொடங்கியபோது, கூகுளின் சேஃப் பிரவுசிங் பட்டியலில் குற்றம்சாட்டப்பட்ட தளத்துக்குச் சான்றிதழ் தருவதில்லை என்ற நடைமுறை வைத்திருந்தது. அங்கே தடைப்பட்டியல் சான்றிதழ் அலுவலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் இவர் இன்னார்தான் என்பதும் இவர் நல்லவர் என்பதும் வேறு வேறு கூற்றுகள். முதலாவதைச் சொல்லத் தகுதியுள்ளவர் இரண்டாவதைச் சொல்லத் தகுதியுள்ளவர் ஆகிவிடுவதில்லை. தளத்தின் உள்ளடக்கம் நாளுக்கு நாள் மாறும். சான்றிதழ் தரும் கணத்தில் பார்த்து அதன் குணத்தைத் தீர்மானிப்பதில் பொருளில்லை என்பதை அந்த நிறுவனமே 2015-இல் விளக்கிச் சொன்னது. 2019-இல் அந்தச் சோதனையைக் கைவிட்டது. பயனர்களின் மனத்திலோ இரண்டும் பல காலம் குழம்பியே கிடந்தன. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் தளம் யோக்கியமானது என்று பலர் நினைத்தார்கள். மோசடித் தளங்களும் முறைப்படி சான்றிதழ் வாங்கிப் பூட்டைக் காட்டின. 2023-இல் குரோம் பிரவுசர் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. சாட்சி சொல்லாத ஒன்றைச் சாட்சியின் வாயில் திணித்த பழக்கத்துக்கு அது சரியான மருந்துதான், சற்றுத் தாமதமாக வந்தாலும்.

இவ்வளவும் சொன்னதால் தடைப்பட்டியல் வேண்டாதது என்று ஆகாது. சாட்சியே கெட்டுப்போகும் நாள் உண்டு. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். கூகுளின் பெயரில் உருவான ஒன்றைக் கொண்டு ஈரானில் ஏராளமானோரின் ஜிமெயில் இணைப்புகள் இடைமறிக்கப்பட்டன. சான்றிதழில் கையொப்பம் சரி, சங்கிலி சரி, தேதி சரி. கையொப்பமிட்ட கைதான் திருடனுடையது. பிரவுசர் நிறுவனங்கள் டிஜிநோட்டாரின் பெயரையே தம் மென்பொருளில் தடைப்பட்டியலில் எழுதிப் புதிய பதிப்பை வெளியிட்டன. சில வாரங்களில் அந்த நிறுவனம் திவாலானது. குமாரிலர் சொல்லும் மாறான அறிவு என்பது இதுதான்: முன்பு ஏற்றதைப் பின்னால் வந்த சான்று அழிக்கிறது. அந்த வழி அடைபட்டால் மீமாம்ச நிலைப்பாடு மூடநம்பிக்கையாகச் சரிந்துவிடும்.

அந்த வழி உண்மையில் பல ஆண்டுகள் பாதி அடைபட்டே இருந்தது. ஓ.சி.எஸ்.பி. என்ற முறையில், சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று பிரவுசர், சான்றளித்த நிறுவனத்தைக் கேட்கும். பதில் வராவிட்டால்? பெரும்பாலான பிரவுசர்கள் பரவாயில்லை என்று தளத்தைத் திறந்துவிட்டன. நிறுவனத்தின் சர்வர் ஒரு நிமிடம் படுத்துவிட்டால் பாதி இணையம் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை. ஆனால் இணைப்பை இடைமறிக்கும் வல்லமை உள்ளவனுக்கு அந்தக் கேள்வியையும் இடைமறிப்பது கடினமா? மீமாம்சகர்கள் இன்மையை அறிவதற்குத் தனி அளவை ஒன்றை ஏற்றார்கள். காணாமையால் இல்லாமையை அறிவது. அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். இருந்திருந்தால் கண்டிருக்க முடியும் என்ற சூழலில் காணாமல் இருந்தால்தான் அந்தக் காணாமை அளவையாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்றாகாது. சார்பதிவாளர் அலுவலகம் தரும் வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஏதுமில்லை என்று இருப்பதற்கு மதிப்பு, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை புத்தகத்தைத் தேடிப் பார்த்துச் சொன்னதால் வருகிறது. அலுவலகம் பூட்டியிருந்ததை யாரும் வில்லங்கமின்மைக்குச் சான்றாக எடுத்துப்போவதில்லை. பிரவுசர்கள் அதைத்தான் செய்தன. லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஆகஸ்டில் ஓ.சி.எஸ்.பி. சேவையை நிறுத்திவிட்டு, ரத்தானவற்றின் பட்டியலை வெளியிடும் முறையை மட்டும் வைத்துக்கொண்டது.

சரிபார்ப்பு இயந்திரத்தின் நிலை இதற்கு மறுபக்கம். ஃபயர்வால் அதை மௌனமாகத் தள்ளிவிடும்போது அதற்குக் கிடைப்பது மறுப்பு அல்ல, வெறும் மௌனம். கோப்பு இல்லை என்று அதற்குத் தெரியாது. பார்க்க முடியவில்லை என்று மட்டும் தெரியும். அது உரிமை நிறுவப்படவில்லை என்று சொல்கிறதே தவிர, உரிமை இல்லை என்று சொல்வதில்லை. பிழைச் செய்தியில் ஃபயர்வாலாக இருக்கலாம் என்று ஊகத்தைத் தனியே பிரித்து எழுதியிருப்பது, அளவை நூல்காரர் எவரும் குறை சொல்ல முடியாத நாணயம்.

ஐயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். போதிய சான்றில்லாமல் எதையும் நம்புவது தவறு என்று ஆங்கிலேய அறிஞர் கிளிஃபர்ட் 1877-இல் எழுதினார். பொய்யைத் தவிர்ப்பதும் உண்மையை அடைவதும் இரண்டு வேறு கடமைகள்; முதலாவதையே பிடித்துக்கொண்டு இரண்டாவதை இழப்பவரும் தவறுபவர்தான் என்று அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் பதில் சொன்னார். உள்ளே விடுவதில் மீமாம்சகரைப் பின்பற்றும் தடைப்பட்டியல், பிழைக் கணக்கில் கிளிஃபர்டின் சீடன். அதன் பதிவேட்டைத் திறந்தால் தடுக்கப்பட்ட அச்சுறுத்தல்கள் என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். அதில் தடுக்கப்பட்ட திருடனும் ஒரு வரி, தடுக்கப்பட்ட சாட்சியும் ஒரு வரி. இரண்டும் வெற்றிக் கணக்கிலேயே சேர்கின்றன. தவறாக உள்ளே விட்டது சேதமாக வெளிப்பட்டுக் கேள்வி கேட்க வைக்கும். தவறாக வெளியே தள்ளியது சத்தமில்லாமல் போய்விடும். ஜேம்ஸ் சொன்ன இரண்டாவது வகைப் பிழையை எண்ணும் பத்தியே அந்தப் பதிவேட்டில் இல்லை.

பதினோராம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த நியாயர் உதயனர், ஐயம் எதுவரை போகலாம் என்று கேட்டு ஓர் எல்லை காட்டினார். ஐயப்படுகிறவனின் செயலே அந்த ஐயத்துக்கு முரணாகும் இடம்தான் எல்லை. அதற்கு வியாகாதம் என்று பெயர். நெருப்புக்கும் புகைக்கும் தொடர்பு உண்டா என்று வாதத்தில் ஐயப்படுபவன், புகை வேண்டும்போது நெருப்பைத்தான் மூட்டுகிறான். சான்றிதழ் புதுப்பிக்கும் சர்வரில் நடப்பது இந்த வியாகாதம் அச்சு அசலாக. அந்தச் சாட்சி தானாக வந்து கதவைத் தட்டவில்லை. சில நொடிகளுக்கு முன் அதே சர்வர்தான் வரச் சொல்லி ஆளனுப்பியது. கோப்பை எழுதி வைத்துவிட்டு, பார்க்க வாருங்கள் என்று அழைத்தது. அழைத்த நிரலுக்கும் கதவடைத்த நிரலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மனிதன் இப்படி நடந்தால் அவனுடைய ஐயத்தை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். இயந்திரத்தில் மட்டும் இது பாதுகாப்பு ஏற்பாடு என்று பெயர் பெறுகிறது.

நடைமுறையில் இதற்குக் கண்ட தீர்வுகள், யார் கேட்கிறார் என்ற கேள்வியை விட்டுவிட்டு என்ன கேட்கிறார் என்ற கேள்விக்கு நகர்கின்றன. மிக எளிய வழி, ஆக்மி கோப்புகள் வைக்கப்படும் அந்த ஒரு பாதையை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிட்டு, மற்றப் பாதைகளுக்குத் தடைப்பட்டியலை அப்படியே வைத்துக்கொள்வது. முகவரியை மட்டும் பார்த்து வாசலிலேயே அடைக்கும் ஃபயர்வாலுக்குப் பாதை தெரியாது. அதனால் 80ஆம் போர்ட்டில் மட்டும் தடையை உள்ளே, வெப் சர்வருக்கு மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கோப்பில் ரகசியம் எதுவும் இல்லை. எவன் படித்தாலும் அதனால் சான்றிதழ் வாங்க முடியாது, ஏனென்றால் கேட்டவரின் கணக்குச் சாவியோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவரின் யோக்கியதையைத் தீர்மானிக்காமலே பதில் சொல்லலாம். புதுப்பிக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் தடையைத் தளர்த்தும் ஏற்பாடும் உண்டு.

இன்னொரு வழி, சாட்சியைத் தளத்துக்கே வரவிடாமல், தளப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைச் சொல்லும் டி.என்.எஸ். பதிவேட்டுக்கு அனுப்புவது. எழுத்துச் சரத்தைத் தளத்தில் வைப்பதற்குப் பதிலாக டொமைனின் டி.என்.எஸ். பதிவில் எழுதிவைத்தால் போதும். சர்வரின் ஃபயர்வால் அந்த உரையாடலில் இடம்பெறுவதே இல்லை. ஆனால் அதைத் தானியங்கியாக்க, டி.என்.எஸ். பதிவை மாற்றும் சாவியைச் சர்வரில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சாவி திருடுபோனால் போவது ஒரு தளம் அல்ல, டொமைனே. சாட்சிக்கு எளிதாக்கிய வழி திருடனுக்கும் பெரிய கதவைத் திறந்துவைக்கக்கூடும் என்பதால், சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படும் தனி டி.என்.எஸ். பகுதியைப் பிரித்து, அதன் சாவியை மட்டும் சர்வருக்குத் தருகிறார்கள்.

பிரவுசர் நிறுவனங்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் படிப்படியாகக் குறைகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஒருமுறை செய்த டொமைன் சரிபார்ப்பை மீண்டும் பயன்படுத்தும் காலமும் 2029-இல் 10 நாளாகச் சுருங்கும். 2018 வரை மூன்று ஆண்டுகளுக்கும் மேல் செல்லும் சான்றிதழ்கள் வழங்கப்பட்ட இடத்தில், அப்போது அதே சாட்சி ஆண்டுக்கு எட்டுத் தடவையாவது வாசலுக்கு வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் பல நாடுகளிலிருந்து, அறிவிக்கப்படாத முகவரிகளிலிருந்து.